வாசல் என்ற ஒரு சொல்

இரவு 11.30 இருக்கும். விளக்கை அணைக்கப் போன நேரத்தில், என்னோடு அறையில் தங்கியிருந்தவள் தன் கவிதையின் மொழிபெயர்ப்புத் தாளை நீட்டினாள். "இங்கிலீஷ்ல எப்படி இருக்கு? உள்ளதச் சொல்லு." இரண்டு முறை படித்தேன். "நல்லா இருக்கு, படு" என்றேன். காலை 10 மணிக்கு டெல்லியில் இருவருக்கும் கவிதை வாசிப்பு. இருவருக்குமே அது முதல் எழுத்தாளர் சந்திப்பு.

நன்றாக இல்லை. ஒரு சொல் கவிதையையே கெடுத்திருந்தது.

"வாசல் தெளிக்கிற சத்தத்திலேயே / அம்மாவின் கோபம் தெரிந்துவிடும்" என்று தொடங்கும் கவிதை. ஆங்கிலத்தில் வாசல் 'டோர்' ஆகியிருந்தது. அகராதியைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. வாயில்தான் வாசல் ஆயிற்று, வாசற்கதவு என்கிறோம். ஆனால் தெளிக்கிற வாசல் வீட்டுக்கு முன்னால் கிடக்கும் மண் தரை. பெருக்கிவிட்டு, சாணம் கரைத்த தண்ணீரைக் கையால் அள்ளி வீசினால் புழுதி அடங்கும். ஈரம் காய்வதற்குள் கோலப்பொடி விட்டால்தான் மண்ணில் பிடிக்கும். சாதாரண நாளில் தண்ணீர் சரசரவென்று பரவும். கோபம் இருக்கிற கை அறைகிற மாதிரி வீசும், சளப்பென்று ஒரே இடத்தில் விழும். இந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில்தான் கவிதை நிற்கிறது. கதவில் தண்ணீர் அடித்தால் ஒன்றும் மிஞ்சாது.

அதே கவிதையை இன்னொருவர் இந்தியிலும் வாசிப்பார். அதில் இன்னும் மோசம். தமிழிலிருந்து நேராக இந்திக்குச் செய்ய ஆள் கிடைக்காதபோது ஆங்கிலப் பிரதியை வைத்தே செய்துவிடுவார்கள். 'டோர்' அங்கே 'தர்வாஜா' ஆகிவிடும். வட்டாரச் சொல், உறவுப்பெயர், சடங்குச் சொல் இந்த மூன்றுக்கும் சொல்லுக்கொரு வரி விளக்கம் எழுதி, ஆங்கிலப் பிரதியோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். நாங்கள் அனுப்பவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணங்கள் வைத்திருக்கிறேன். சந்திப்புக்கான கவிதைத் தொகுப்பு அச்சாகி அரங்க மேசையில் அடுக்கியாயிற்று. இந்தி வாசிப்பவர் ஒத்திகை முடித்திருந்தார். ஒருவருக்கு 7 நிமிடம். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 12 வரி என்று கணக்குப் பண்ணி, மூச்சு விடும் இடங்களில் எல்லாம் அவள் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். படுக்கிற நேரத்தில் ஒரு சொல்லை உருவினால் மற்ற சொற்கள் மேலும் சந்தேகம் வரும். விடிய விடியத் திருத்துவாள், காலையில் குரல் கட்டிக்கொள்ளும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் ஆங்கிலத்தை வாசிக்கப் போனது அவளேதான். தாள் அவள் கையில் இருந்தது. பேனாவால் ஒரு சொல்லை அடித்து எழுத அரை நிமிடம் போதும்.

வேறு வேறு அறை என்றால் சொல்லியிருப்பேனா? போனில் சொல்லிவிட்டு வைத்துவிடலாம். ஒரே அறையில், சொன்ன பிறகு அந்த முகத்தோடு இரவைக் கழிக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்திருந்தோம். பிப்ரவரி டெல்லியில் 15 லிட்டர் கீஸர் ஒரு வாளிக்குத்தான் காணும், திரும்பச் சூடேற 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் 7 மணிக்கு அவள், 7.30க்கு நான். ஒத்திகை மொட்டை மாடியில். ஒருத்தி கவிதையை அறைக்குள் பத்துத் தடவை கேட்டால் மற்றவளுக்குத் தன் வரிகளின் தாளம் கலைந்துவிடும். ஒருவர் பிரதியை மற்றவர் எப்போது படிப்பது என்பதை மட்டும் பேசிக்கொள்ளவில்லை. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே மாற்றிப் படித்துவிடுங்கள், அறைக்கு வந்த பிறகு அபிப்பிராயம் வேண்டாம் என்று இப்போது புதிதாகப் போகிறவர்களிடம் சொல்கிறேன். சொல்லும்போதே, இரவில் ஒருத்தி தாளை நீட்டினால் இந்த ஏற்பாடு என்ன செய்யும் என்று தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. அவளுக்கு அடுத்து வாசிக்க வேண்டியவள் நான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

வாசிப்பு நல்லபடியாகவே முடிந்தது. தேநீர் நேரத்தில் பீகார்க் கவிஞர் ஒருவர் அவளிடம், உங்கள் ஊரில் கதவிலா கோலம் போடுவார்கள் என்று கேட்டார். தாய்மொழி போஜ்புரி, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் அது இல்லை, அதனால் இந்தியில் வாசித்தார். மேசையில் சிந்தியிருந்த தேநீரை அவள் விரலால் இழுத்து, இது வீடு, இது வாசல் என்று காட்டினாள். "இது எங்கள் துஆர்" என்றார் அவர். கட்டில் போட்டு உட்காருவது, மாடு கட்டுவது, வந்தவர்களை உட்கார வைப்பது எல்லாம் வீட்டுக்கு முன்னால் அந்த இடத்தில்தானாம். இந்தியின் ஆங்கன் வீட்டுக்குள் இருக்கும் முற்றம், பொருந்தாது. துஆர் அப்படியே வாசல். நான் இரவே சொல்லியிருந்தால் 'கோர்ட்யார்ட்' என்று மாற்றச் சொல்லியிருப்பேன். அதுவும் தப்பு. நான் சொல்லாததால்தான் சரியான சொல் கிடைத்தது என்று ஒரு நாள் தோன்றும். அந்த மனிதர் அந்த மேசைக்கு வராமல் போயிருந்தால் என்று மறுநாள் தோன்றும்.

அன்றிரவு அறையில் அவள் சந்தோஷமாகச் சொன்னாள். "கதவுன்னு போட்டிருக்கேன் பாரு, எனக்கே தெரியல. ஒனக்குமா தெரியல?"

"இல்லையே" என்றேன்.

கவிதை இப்போது புத்தகமாக வந்துவிட்டது. 'டோர்' போய் 'ஃப்ரண்ட் யார்ட்' வந்திருக்கிறது. நன்றிப் பக்கத்தில் பீகார்க் கவிஞரின் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே, முதல் நாள் இரவு மொழிபெயர்ப்பைப் பொறுமையாகப் படித்துப் பார்த்ததற்காக என்று என் பெயர்.