ஏர்லாக்குல மொதல்ல யாரைத் தள்ளுவாங்க?

கதை ஒண்ணு எழுதிட்டு இருக்கேன், விண்வெளிக் கப்பல் கதை. நாலஞ்சு தலைமுறையா போய்ட்டே இருக்கிற பெரிய கப்பல், உள்ளயே பொறந்து உள்ளயே சாகற சனம் ஒரு ஆயிரத்துச் சொச்சம், போற வழில இன்னொரு கப்பல் பழுதாகி நிக்க அதுல இருந்த அறுபது பேரை பாவம்னு இவங்க ஏத்திக்கறாங்க, ஏத்தி பன்னெண்டு வருசம் கழிச்சு கப்பலுக்குள்ள ஒரு காய்ச்சல் கெளம்புது. இவ்வளவுதான் சொன்னேன். பேக்கரில எதிர்ல உக்காந்திருந்த பங்காளி பப்ஸை மென்னுட்டே கேக்கறான், "அப்ப அந்த அறுபது பேரையும் எப்ப மாப்ளே வெளிய தள்றாங்க?" ஏர்லாக்குன்னா கப்பல்ல இருந்து விண்வெளிக்குத் தொறக்கற ரெட்டைக் கதவு ரூமு, அது வழியாத்தான்.

காய்ச்சலுக்கு நான் இன்னும் பேருகூட வெக்கல. எப்படிப் பரவுதுன்னு சொல்லல, அந்த அறுபது பேரு நல்லவங்களா கெட்டவங்களான்னும் சொல்லல. ஆனா யாரைத் தள்ளறதுங்கறதுல அவனுக்கு சந்தேகமே இல்ல, பக்கத்துல இருந்தவங்களுக்கும் இல்ல, ஏன், எழுதற எனக்கே இல்ல. அதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. மொதல்ல சீக்கு வருது, அப்புறம் பயம் வருது, பயத்துல யார் தலைலயாச்சும் பழியைப் போடறாங்கன்னுதான் நாம நெனச்சுட்டு இருக்கோம். எனக்கென்னமோ வரிசையே தலைகீழோன்னு தோணுது. ஆளை எப்பவோ முடிவு பண்ணியாச்சு, சீக்கு வந்து தேதி குறிக்குது அவ்வளவுதான்.

செட்டுல இன்னொருத்தன் ஒத்துக்கல. ஸ்பேஸ்ஷிப்ல போறவன்லாம் படிச்சவன்டா, கிருமி எப்படிப் பரவும்னு தெரிஞ்சவன், அவன் போயி நம்மாளுக மாதிரி கட்டையைத் தூக்கிட்டு வருவானான்னான். நியாயமான கேள்விதான், ஆனா நாசாவோட அப்பல்லோ 7 விண்கலத்துக் கதையைக் கொஞ்சம் கேளுங்க. 1968 அக்டோபரு, மூணே பேரு, பதினோரு நாளு. கமாண்டர் வால்லி ஷிர்ராவுக்கு சளி புடிச்சுது, அப்புறம் மத்தவங்களுக்கும். எடையில்லாத எடத்துல மூக்கு ஒழுகாதுங்க, சளி அப்படியே உள்ளயே கட்டி நிக்கும், வேகமா சிந்துனா காது வலிக்கும். கீழ கண்ட்ரோல் ரூம்ல இருந்தவங்களோட சண்டைக்கு நின்னாங்க, டிவி ஒளிபரப்பு இப்ப முடியாதுன்னாங்க, எறங்கறப்ப ஹெல்மெட் போட மாட்டோம்னு அடம்புடிச்சு போடாமலேதான் எறங்குனாங்க. அமெரிக்காவே சலிச்சு எடுத்த ஆளுக, வந்தது வெறும் சளி.

இன்னொன்னு. மேல இருக்கறவங்களுக்கு காத்து எல்லாத்துக்கும் ஒண்ணுதான். அங்க சூட்டுக் காத்து மேல போயி குளுந்த காத்து கீழ வர்ற சோலியே கெடையாது, ஃபேன் நின்னா தூங்கறவன் விட்ட மூச்சு அவன் மூஞ்சியச் சுத்தியே நிக்கும். தும்முனா சாரல் தரைல விழாது, அதுபாட்டுக்கு மெதந்துட்டே இருக்கும். அதனாலதான் ஃபேனும் ஃபில்டரும் ராப்பகலா ஓடுது. அந்த மாதிரி எடத்துல இவன் உள்ளூரு அவன் வெளியூருன்னு பிரிக்கறதுல மருத்துவ ரீதியா ஒரு மண்ணும் இல்ல, இவன் விட்ட மூச்சைத்தான் அவன் இழுக்கறான்.

தள்ளி வெக்கறதே தப்புன்னு நான் சொல்லல. அப்பல்லோ 13 கெளம்பறதுக்கு முன்னாடி, 1970 ஏப்ரல்ல, மாத்து ஆளா இருந்த சார்லி டியூக்குக்கு ஜெர்மன் அம்மை வந்துருச்சு, கூடப் பழகுனவங்கள்ல கென் மாட்டிங்லிக்கு மட்டும் அதுக்கு எதிர்ப்பு சக்தி இல்லைன்னு ரத்தப் பரிசோதனைல தெரிஞ்சுது. உடனே அவரை எறக்கிட்டு ஜாக் ஸ்விகர்ட்டை ஏத்துனாங்க. மாட்டிங்லிக்கு கடைசி வரைக்கும் அம்மையே வரல, மனுசன் எவ்வளவு வெசனப்பட்டிருப்பாரு. ஆனா அங்க கேட்டது உன்ற ரத்தத்துல என்ன இருக்குங்கறதை, நீ எந்த ஊருங்கறதை இல்ல.

கூட்டம் கேக்கறது ரெண்டாவதைத்தான். 1349 பிப்ரவரி 14, இப்ப பிரான்ஸ்ல இருக்கற ஸ்ட்ராஸ்பர்க்னு ஒரு ஊரு, யூதருங்க கெணத்துல விசம் கலந்துட்டாங்க அதனாலதான் கொள்ளைநோய்னு சொல்லி நூத்துக்கணக்குல எரிச்சுக் கொன்னாங்க. இதுல என்ன கொடுமைன்னா அன்னைக்கு அந்த ஊருக்கு பிளேக் இன்னும் வந்தே சேரல! வந்துட்டு இருக்குன்னு சேதி மட்டும்தான் வந்திருந்துச்சு. யூதருங்களும் அதே நோய்லதான சாகறாங்க, அவங்களே இல்லாத எடத்துலயும் நோய் இருக்குதேன்னு போப் ஆறாம் கிளமென்ட் அதுக்கு முந்துன வருசமே எழுத்துல குடுத்திருந்தாரு. ஒருத்தனும் காதுல வாங்கல. எரிச்சு முடிச்சதும் செத்தவங்களுக்குக் குடுக்க வேண்டிய கடனெல்லாம் தள்ளுபடி, அவங்க காசைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. பயமாமா பயம்.

சரி, அது கிருமின்னா என்னன்னே தெரியாத காலம். 1900க்கு வாங்க. பிளேக் கிருமியை 1894லயே ஹாங்காங்குல யெர்சின் கண்டுபுடிச்சாச்சு, எலித் தெள்ளுதான் கடத்துதுன்னு 1898ல கராச்சில பால் லூயி சிமோன் காட்டியாச்சு, அதைப் பலபேரு அப்ப நம்பலைங்கறது வேற. 1900 மார்ச்சுல சான் பிரான்சிஸ்கோவுல ஒரு சீனாக்காரரு செத்ததும் ராத்திரியோட ராத்திரியா சைனாடவுனைச் சுத்தி கவுறு கட்டி போலீஸை நிறுத்திட்டாங்க. உள்ள இருந்த வெள்ளைக்காரங்களை வெளிய விட்டாச்சு. ரெண்டு மூணு நாள்ல அதை எடுத்துட்டு மே கடைசில மறுபடியும் கட்டுனாங்க. இந்தவாட்டி கவுறு நேரா போகலைங்க, வெள்ளைக்காரன் கடை வர்ற எடத்துல வளைஞ்சு அதை வெளிய விட்டுட்டுப் போச்சு. எலிக்கு அந்த வளைவெல்லாம் தெரியுமா என்ன. கோர்ட்டு தலையிட்டு ஜூன்லதான் அந்தக் கட்டுப்பாடு போச்சு. 1907ல மறுபடியும் பிளேக் வந்தப்ப படுத்ததுல பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, அப்புறம்தான் எலியைப் புடிக்கற வேலைல முழுசா எறங்குனாங்க.

அந்த வளைஞ்ச கவுத்தை நான் கண்ணால பாத்திருக்கேன், திருப்பூர்ல. 2020 ஏப்ரல் கடைசி, கொரோனா ஊரடங்கு, நான் குடியிருந்த லைன் வீட்டுல கடைசி மூணு ரூம்ல ஒடிசா பசங்க, பனியன் கம்பெனில ஓவர்லாக் ஓட்டறவங்க, கம்பெனி மூடுனதுல இருந்து ரூமை விட்டு நகரல, பொங்கலுக்கு முந்தியே வந்தவங்க, அதுக்கப்புறம் ஊரைத் தாண்டல. ஒருநா காலைல பாத்தா வேப்பமரத்துல இருந்து கேட் வரைக்கும் பச்சை நைலான் கொடிக்கவுறு. நல்ல தண்ணி கொழாய் எங்க பக்கம். ஓனர் அக்கா இடுப்புல கைய வெச்சுட்டு, "ஏ தம்பிகளா, இந்தக் கவுத்தைத் தாண்டி அக்கட்டால வரப்படாது, சொல்லிப்போட்டேன்." ஒருத்தன் கொடத்தைக் கைல புடிச்சுட்டே, "தண்ணி எப்டிக்கா?" "நாங்க புடிச்சு வெக்கறோம், கம்முனு இருங்க." கவுறு மோட்டார் ரூம்கிட்ட மட்டும் ஒரு வளைவு வளைஞ்சு போச்சு, ஏன்னா மோட்டார் போட அக்கா அங்க போகணும்ல. அதே வாரம் அக்காவோட அண்ணன் பையன் சென்னைல இருந்து காய்கறி லாரில ஏறி வந்து எறங்குனான், கோயம்பேட்டுல கொத்துக் கொத்தா தொத்து கெளம்புன அதே நேரம். ஒறம்பற வந்திருக்குன்னு அவனுக்குக் கோழிக்கொழம்பு, எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்துச்சு, நாங்களும் தின்னோம். யாருக்கும் ஒண்ணும் ஆகல, அது வேற விசயம். கவுத்தை ரொம்ப நாளைக்கு யாரும் அவுக்கவே இல்ல, துணி காயப்போட்டுட்டு இருந்தாங்க.

அதுக்கு ஒரு மாசம் முந்தி ஈரோட்டுல தாய்லாந்துல இருந்து வந்தவங்களுக்குத் தொத்து உறுதியாச்சு, டெல்லி தப்லீக் மாநாட்டுச் சேதியும் சேந்துக்குச்சு. காய்கறி வண்டிக்காரருகிட்ட மொதல்ல பேரைக் கேட்டுட்டு அப்புறம் தக்காளி வெலையைக் கேட்டாங்க எங்க வீதில. வாட்ஸப்புல வந்ததையெல்லாம் இங்க எழுத வாய் கூசுது.

எங்க அம்மிச்சி அவங்க ஆத்தா சொன்னதா ஒண்ணு சொல்லும். கோயமுத்தூர்ப் பக்கம் பிளேக் அடிச்சுட்டு இருந்த காலம், கூரைல இருந்து எலி பொத்துன்னு விழுந்தா அன்னைக்கே ஊரைக் காலி பண்ணி தோட்டத்துச் சாளைக்குப் போயிருவாங்களாம். வருசா வருசம் பாத்திரத்துக்கு ஈயம் பூச வர்ற ஒரு குடும்பம், அந்த வருசம் இட்டேரிலயே மறிச்சு அடிச்சுத் தொரத்திட்டாங்களாம். ஏன் அம்மிச்சின்னா, "வந்தவீகளைத்தான சாமி தொரத்த முடியும், இருக்கறவீகளை எங்க தொரத்தறது"ங்கும். கோயமுத்தூர்ல பிளேக் மாரியம்மன்னு கோயிலே இருக்கு, இன்னைக்கும் பூசை நடக்குது. நோயை ஆத்தாளாக்கி ஊருக்குள்ள குடிவெச்ச சனம்தான் ஈயம் பூசறவனை எல்லைல மறிச்சுது.

சரி கப்பலுக்கு வர்றேன். பாதி எழுதுனதுக்கு அப்புறம்தான் எனக்கு ஒண்ணு ஒறச்சுது, அந்த அறுபது பேருக்கு என்ன வேலை குடுத்திருப்பாங்க? கடைசியா வந்தவனுக்கு எவனும் செய்யாத வேலைதான். ஃபில்டர் கழுவறது, தண்ணிக் கொழாய் அடைப்பெடுக்கறது. 2020 பிப்ரவரில யோகோஹாமால டயமண்ட் பிரின்சஸ் கப்பல் நின்னுச்சே, 3,711 பேரு உள்ள, எழுநூத்துச் சொச்சம் பேருக்குத் தொத்து, பயணிங்களை ரூமுக்குள்ள உக்கார வெச்சுட்டு அவங்களுக்குச் சோறு கொண்டு போனது யாரு? ஊழியருங்க, நம்ம நாடு பிலிப்பைன்ஸ் இந்தோனேசியான்னு, வேலை பாத்துட்டு ஒரே ரூம்ல ரெண்டு மூணு பேரா படுத்தவங்க.

அப்ப என் கதைல சீக்கு மொதல்ல யாருக்கு வரும்? அந்த அறுபது பேருக்குத்தான். அவங்க கொண்டு வந்ததால இல்ல, அந்தக் கொழாயில கை வெச்சது அவங்கங்கறதால. கிருமி கப்பலோட சொந்தச் சரக்கு, நாலு தலைமுறையா தண்ணித் தொட்டிலயே வளந்தது. 2006ல நாசாவோட விண்வெளி ஓடத்துல சால்மொனெல்லாங்கற வயித்துப்போக்குக் கிருமியைக் கொண்டு போயி வளத்தப்ப பூமில வளந்ததை விட வீரியம் எச்சாயிருந்துச்சு, அதை வெச்சுத்தான் இந்த எடத்தைக் கட்டுனேன். ஆனா கூட்டத்துக்கு அது போதும்ல, "பாத்தியா, மொத ஆளு அவங்க ஆளு." இதைவிட நல்ல சாட்சி வேணுமா.

அப்புறம் பயம் ஒரு பக்கம் மட்டும் இருக்காது. 2023 மார்ச்சுல வடமாநிலத் தொழிலாளிங்களை இங்க வெட்டறாங்கன்னு பொய் வீடியோ சுத்துச்சு, பீகார்ல இருந்து அதிகாரிங்களே வந்து பாத்துட்டுப் போனாங்க. எங்க கம்பெனி செக்கிங் பசங்க நாங்க எவ்வளவு சொல்லியும் நம்பாம ராத்திரி ரயிலுக்குப் போய்ட்டாங்க. கொரோனால போனப்பவும் இதே ஊருதான், தொரத்தாத கொறையா அனுப்பிட்டு நாலு மாசத்துல ஆர்டர் வந்ததும் பஸ் வெச்சுக் கூட்டிட்டு வந்தாங்க பல கம்பெனிக்காரங்க. அதனால என் அறுபது பேரும் சேதி கேட்டதும் ஃபில்டர் ரூமுக்குள்ள போயி கதவைத் தாழ் போட்டுக்கறாங்க. அக்கட்டால ஆயிரம் பேரு, இக்கட்டால அறுபது பேரும் மொத்தக் காத்தும். ஃபேனை நிறுத்துனா ரெண்டு பக்கமும் சாவு.

இங்க வந்துதான் நிக்கறேன். வழக்கமா இந்த எடத்துல ஒரு டாக்டர் மருந்தைத் தூக்கிட்டு ஓடி வருவாரு, கூட்டம் தலையைத் தொங்கப்போட்டுட்டுக் கலையும். எனக்கு அது புடிக்கல, போப்பு எழுதியும் கேக்காத சனம் டாக்டர் சொல்லிக் கேக்குமா. நம்ம பங்காளியோ கதவை ஒடைச்சுருவாங்க மாப்ளே, எழுதுங்கறான். நான் யோசிக்கறது, உள்ள இருந்து ஒரு பொம்பள ஃபில்டரைக் கழுவி மாட்டற சத்தம் டக்டு வழியா கப்பல் பூராவும் கேக்குது, கூட்டத்துல பாதிப்பேரு அதைக் கேட்டுட்டே கட்டையோட நிக்கறாங்க, கலையவும் இல்ல, ஒடைக்கவும் இல்ல, மூணு நாள் இப்படியே. அந்த மூணு நாளைக்கு உள்ள இருக்கறவங்க தண்ணிக்கு என்ன பண்ணுவாங்கன்னுதான் தெரியல. ஏசி டக்ட் வேலை பாக்கறவங்க யாராச்சும் படிச்சீங்கன்னா சொல்லுங்க, ஆயிரம் பேரு மூச்சு விடற எடத்துல ஈரத்தை உறிஞ்சி எடுத்தா ஒரு நாளைக்கு எத்தனை கொடம் தேறும்?