ஆறாயிரம் ரூபாயில் ஒரு பிறந்தநாள்

இந்த ஜூன் மாதம் எங்கள் மகளுக்கு ஆறு வயது நிறைந்தது. கொண்டாட்டத்துக்கு 6,000 ரூபாய்க்கு மேல் செலவழிப்பதில்லை என்று ஏப்ரல் மாதமே நானும் என் கணவரும் பேசி வைத்திருந்தோம். போன வருடம் ஒரு சிறிய ஏசி ஹாலை எடுத்து, அலங்காரமும் சாப்பாடும் சேர்த்து, சீட்டு எடுத்த பணத்திலிருந்து 38,000 ரூபாய் கொடுத்தவர்கள்தாம் நாங்கள். அந்தச் செலவு எங்களை உறுத்தியதை விட, பள்ளி வாசலில் கேட்ட ஒரு பேச்சுதான் என்னை அதிகம் உறுத்தியது.

மகளோடு படிக்கும் ஒரு பையனின் அம்மா, தன் பிள்ளையை யார் வீட்டுப் பிறந்தநாளுக்கும் அனுப்புவதில்லை என்றார். "வெறுங்கையோட அனுப்ப முடியாதுங்க. போனா நாமளும் அதே மாதிரி கூப்பிட்டுச் செய்யணும். நமக்குக் கட்டுப்படியாகாது" என்று சொல்லிவிட்டு, பையனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். கல்யாணத்தில் மொய் எழுதுவதற்கு நோட்டு இருக்கிறது. குழந்தைகளின் பிறந்தநாளுக்கு நோட்டு இல்லையே தவிர, யார் எவ்வளவு செய்தார்கள், நாம் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கணக்கு எல்லா வீட்டிலும் மனத்துக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாங்கள் ஹாலில் செய்ததைப் பார்த்த பிறகு, அதே வகுப்பில் இரண்டு வீடுகள் ஹால் தேடிப் போனதும் எனக்குத் தெரியும். ஆகவே, எங்களால் எவ்வளவு முடியும் என்பதை அல்லாமல், பக்கத்து வீட்டாருக்கு எது பாரமாகாது என்பதையே இம்முறை அளவாக வைத்துக்கொண்டோம்.

எத்தனை பேர், எந்த நேரம் என்ற இரண்டையும் முடிவு செய்துவிட்டால் பட்ஜெட்டில் பாதி தானாகவே முடிவாகிவிடுகிறது. பிறந்தநாள் புதன்கிழமை வந்ததால், அன்று காலையில் கோயிலில் அர்ச்சனையோடு நிறுத்திக்கொண்டு, சனிக்கிழமை மாலை நான்கரை முதல் ஆறரை வரை எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் விழா என்று வைத்தோம். ஏழு மணிக்கு அழைத்தால் வருகிறவர்களுக்கு இரவுச் சாப்பாடு போட்டாக வேண்டும். நான்கரைக்கு அழைத்தால் டிபன் போதும். குழந்தைகள் 18 பேர், பெரியவர்கள் 14 பேர், ஆக மொத்தம் 32 பேர்.

அன்பளிப்பு வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் எழுதினால் மட்டும் போதாது. நம் ஊரில் அதை உபசாரத்துக்குச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, "பிள்ளையை மட்டும் அனுப்புங்க, கையில் ஏதாவது கொடுத்து அனுப்பினால் எனக்குச் சங்கடமாகிவிடும்" என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டேன். பள்ளி வாசலில் பேசிய அந்த அம்மாவுக்குத்தான் முதல் போன்.

கேக்கைப் பற்றித்தான் வீட்டில் அதிக நேரம் பேசினோம். பொம்மை உருவம் வைத்த ஃபாண்டன்ட் கேக் கிலோ 1,600 ரூபாய் என்றார்கள். தெருமுனை பேக்கரியில் முட்டையில்லாத சாதாரண வெனிலா கேக் ஒரு கிலோ 700 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆறு வயதுக் குழந்தைக்கு 50 கிராம் துண்டு தாராளம் என்பதால், 18 குழந்தைகளுக்கு ஒரு கிலோவே போதுமானதாக இருந்தது. பெரியவர்களுக்கு முக்கால் கிலோ ரவையில் கேசரி கிளறினோம். ஒன்றரைக் கிலோ கொண்டைக்கடலையை முந்தைய இரவே ஊறப்போட்டு, காலையில் வேகவைத்து, தேங்காயும் மாங்காயும் சேர்த்துச் சுண்டலாகத் தாளித்தோம். இவற்றுக்கும் 25 எலுமிச்சம்பழம் பிழிந்து செய்த ஜூஸுக்குமாக மளிகைக் கணக்கு 990 ரூபாயில் முடிந்தது. போண்டாவை மட்டும் வீட்டில் போடவில்லை. விழா நேரத்தில் அடுப்படியில் ஒருவர் எண்ணெய்ச் சட்டியோடு நின்றுகொண்டிருக்க வேண்டாம் என்று, வழக்கமாக வாங்கும் டிபன் கடையில் 70 போண்டாவுக்கு 700 ரூபாய் கொடுத்துச் சொல்லிவைத்தோம்.

அலங்காரச் சாமான்களுக்கு மூன்றாம் மாடி அக்காவும் நானும் பெரம்பூரிலிருந்து பஸ் ஏறிப் பாரிமுனைக்குப் போனோம். அவர் மகனுக்கு ஜூலையில் பிறந்தநாள். காசி செட்டித் தெருவிலும் பந்தர் தெருவிலும் மொத்த விலைக் கடைகள் அதிகம். பல கடைகளில் டஜனாகவோ கட்டாகவோதான் தருவார்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் வாங்கினால் பாதிக்கு மேல் மிஞ்சி, பரணில் கிடந்து வீணாகும். இருவருமாகச் சேர்ந்து வாங்கியதால் கிரேப் பேப்பர், வண்ணத் தாள், பலூன், காற்றடிக்கும் பம்ப் எல்லாம் சேர்த்து என் பங்கு 410 ரூபாய்தான் வந்தது. பெயரைத் தெர்மகோலில் வெட்டித் தொங்கவிடும் யோசனையைக் கைவிட்டோம். பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியையும் அலங்காரத் தெர்மகோலையும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. நான்கு ரூபாய் வீதம் 40 சிறிய பாக்குமட்டைத் தட்டுகள் வாங்கிக்கொண்டோம். டம்ளர்கள் அக்கம்பக்கத்து வீடுகளின் எவர்சில்வர் டம்ளர்கள். யாருடையது எது என்று தெரிவதற்காக அடியில் நூல் கட்டி வைத்தோம்.

பெயரை எழுத என் பழைய பச்சை நிறக் காட்டன் புடவையே உதவியது. அதன் முந்தானையை வெட்டி, ஓரம் தைத்து, மஞ்சள் துணியில் வெட்டிய "பிறந்தநாள் வாழ்த்துகள்" என்ற எழுத்துகளை வைத்துத் தைத்தேன். குழந்தையின் பெயரை மட்டும் தனித் தாளில் எழுதிப் பின் குத்தினோம். அடுத்த வீட்டுப் பிறந்தநாளுக்கு அந்தத் தாளை மாற்றினால் போதும்.

பலூன் விஷயத்தில் தவறு செய்தோம். மூன்று மணிக்கே 60 பலூன்களை முட்ட முட்ட ஊதி, கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கட்டிவிட்டோம். ஜூன் மாதச் சென்னை வெயிலில் உள்ளிருந்த காற்று விரிந்ததோ, சுவரின் சூடு பட்டதோ, நான்கு மணிக்குள் ஒவ்வொன்றாக வெடித்து இருபதுக்கும் குறைவாகவே மிஞ்சின. மகளின் கண் கலங்கிவிட்டது. பாக்கெட்டில் ஊதாமல் இருந்த பலூன்களில் சிலவற்றை முக்கால் அளவுக்கு மட்டும் ஊதி, தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கமாகக் கட்டினோம். அவை இரவு வரை நின்றன.

விளையாட்டு நடத்த ஆள் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு 3,500 ரூபாய் கேட்கிறார்கள். என் மாமியார் ஜமக்காளத்தின் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, குலைகுலையா முந்திரிக்காயும் பூப்பறிக்க வருகிறோமும் சொல்லிக்கொடுத்தார். வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் கைக்குட்டையைப் போட்டுவிட்டு ஓடும் ஆட்டம் அவர்களில் பலருக்கு அன்றுதான் அறிமுகம். பள்ளி வாசல் அம்மாவின் பையன் முதல் ஐந்து நிமிடம் தாயின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கைக்குட்டை தன் பின்னால் விழுந்ததும் எழுந்து ஓடத் தொடங்கியவனை, ஆறரை மணிக்கு அழைத்துப் போவதற்கு அவர் மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது. மொட்டை மாடியில் விழா வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: கைப்பிடிச் சுவர் ஓரமாக இரண்டு பெரியவர்களும் படிக்கட்டுக் கதவருகே ஒருவரும் கடைசி வரை நகராமல் நிற்க வேண்டும். என் கணவரும் அவர் தம்பியும் அன்று போண்டாவைக்கூட நின்ற இடத்திலேயேதான் சாப்பிட்டார்கள்.

ரிட்டர்ன் கிஃப்ட் எவ்வளவு விலையில் இருக்க வேண்டும் என்பதையும் யோசித்தோம். அன்பளிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு 200 ரூபாய்ப் பொருளைக் கையில் திணித்தால், வாங்கியவர்கள் கடன்பட்டதுபோல் உணர்வார்கள். அதனால் ஆளுக்கொரு 50 ரூபாய்த் தமிழ்க் கதைப் புத்தகம், மொத்தம் 900 ரூபாய். விளையாட்டில் ஜெயித்தவர்களுக்கான பென்சில், ரப்பருக்கு 120 ரூபாய் ஆனது.

மகளின் பாவாடை சட்டை 1,100, நாற்காலி வாடகை 200, போக்குவரத்து 240. எல்லாவற்றையும் கூட்டினால் 5,520 ரூபாய். மிச்சம் 480 ரூபாயை மகள் தன் உண்டியலில் போட்டுக்கொண்டாள்.

புடவைத் துணி, பம்ப், பிரிக்காத பலூன் பாக்கெட், கிரேப் பேப்பர் எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு மூன்றாம் மாடி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். ஜூலை விழா முடிந்ததும் அது முதல் மாடிக்குப் போகிறது. ஆகஸ்டில் அதைக் கேட்டிருப்பவர் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்தவர் அல்லர். பள்ளி வாசலில் என்னிடம் பேசிய அம்மா.