படி இல்லாத வீட்டில் ஒரு கேள்வி

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கும் மரபணுக்களுக்கும் உள்ள தொடர்பைத் தேடும் ஆய்வொன்றில் உதவியாளராகச் சேர்ந்தபோது, ஆய்வகத்து வேலைதான் கடினம், ஊர் ஊராகப் போய்ப் படிவம் நிரப்புவதை யாரும் செய்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் முதல் மாதத்திலேயே கலைந்தது.

நாங்கள் எடுத்துச் சென்றது வோமாக் என்னும் வினாப்பட்டியல். வலி, இறுக்கம், அன்றாடச் செயல்பாடு ஆகியவற்றைப் பற்றி 24 கேள்விகள் கொண்டது, கனடாவில் உருவானது. கோவைக்கு அருகே ஒரு கிராமத்தில், திண்ணையில் கால் நீட்டி அமர்ந்திருந்த பாட்டியிடம் மாடிப்படி ஏறும்போது வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "படியே இல்லாத ஊட்டுல எந்தப் படிய ஏறறது சாமி?" என்றார். குந்தி உட்கார்ந்து களை எடுக்கும்போதுதான் அவருக்கு உயிர் போகிறதாம்; குந்துவதைப் பற்றிப் பட்டியலில் ஒரு கேள்வியும் இல்லை. வயதைக் கேட்டால், எம்.ஜி.ஆர். இறந்த வருஷம் மூத்த மகளுக்குக் கல்யாணம் முடித்ததாகச் சொன்னார். 1987-இலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஒரு எண்ணை எழுதிக்கொண்டேன்.

ஒப்பீட்டுக்கான நலமுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்ததில்தான் நாங்கள் பெரிதும் தவறினோம். செலவை எண்ணி, வலி இல்லை என்று சொன்னவர்களிடம் எக்ஸ்ரே எடுக்காமலே இரத்தம் சேகரித்துவந்தோம். பின்னர் நிற்கவைத்துப் படம் எடுத்தபோது, மூட்டை சுமக்கும் ஒருவரின் முழங்காலில் இடைவெளி நன்றாகக் குறுகி, எலும்பு முளைகளும் தெரிந்தன. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்தைத் தரம் பிரிக்கக் கெல்கிரனும் லாரன்ஸும் 1957-இல் வகுத்த, 0 (தேய்மானமில்லை) முதல் 4 (கடுமை) வரையான அளவில் அது 3. அவரோ "ஒரு நோவும் இல்லீங்க" என்று சிரித்தார். குந்தவே முடியாத ஒரு பெண்ணின் படமோ சுத்தமாக இருந்தது. அதுவரை சேர்த்த பட்டியல் முழுவதையும் திரும்பப் பிரிக்க வேண்டியதாயிற்று.

ஆய்வகத்தில் இந்தக் குழப்பம் இல்லை. குருத்தெலும்பின் வளர்ச்சிக்கு வேண்டிய ஜி.டி.எஃப்.5 மரபணுவின் செயல்பாட்டைக் குறைக்கும் ஓர் எழுத்து மாற்றத்தை ஜப்பானியர்கள் 2007-இல் தேய்மானத்தோடு தொடர்புபடுத்தியிருந்தார்கள்; நாங்களும் அதைத்தான் தேடினோம். அந்த இடத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்பதைப் பொறுத்து வெட்டும் அல்லது வெட்டாமல் விடும் ஒரு நொதியைச் சேர்த்து, டி.என்.ஏ.வை ஜெல்லில் ஓட்டினால், வெட்டுப்படாததற்கு ஒரு பட்டை, வெட்டுப்பட்டதற்கு இரண்டு, இரு வகையும் கலந்திருந்தால் மூன்று. இதில் வாதிட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பட்டை நோயாளியுடையதா, நலமுள்ளவருடையதா என்பதைச் சொல்வது திண்ணையில் நிரப்பிய படிவமும் அந்த எக்ஸ்ரேயும்தான். 2005-இல் ஜப்பானில் வலுவாகத் தெரிந்த ஆஸ்போரின் என்னும் இன்னொரு மரபணுவுக்கும் தேய்மானத்துக்கும் உள்ள தொடர்பு ஐரோப்பியரிடம் அவ்வளவாகத் தெரியவில்லை என்று படிக்கும்போது, மக்களின் மரபு வேறுபாட்டுக்கு முன்பு, ஒவ்வொரு குழுவும் யாரை நோயாளி என்று கொண்டது என்பதையே இப்போது முதலில் பார்க்கிறேன்.

குந்துவது, சம்மணமிடுவது பற்றி இரண்டு கேள்விகளைத் தனித்தாளில் அச்சிட்டு இணைத்தோம். வோமாக் மதிப்பெண்ணில் அவற்றைச் சேர்க்க முடியாது என்பதால், அந்தத் தாள்கள் மட்டும் தனிக் கோப்பில் இருக்கின்றன.