சனிக்கிழமை நேரலை

மே 9, செவ்வாய்

சனிக்கிழமை நேரலைக்கு ராத்திரி முழுக்க நகைச்சுவைக் காட்சி எழுதினோம். ரேஷன் கடை வரிசை. பீடி சுற்றியே விரல் தேய்ந்த கிழவனுக்கு மெஷினில் கைரேகை விழவில்லை, அந்த வேஷம் மாமாவுக்கு. நாலு நிமிடம்தான் தருவார்களாம்.

மே 10, புதன்

வாசித்துக் காட்டினோம், நன்றாகச் சிரித்தார்கள். மாமா அப்படியே போளூர் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்துக்குக் கிளம்பிவிட்டார். விடிய விடியக் கட்டியக்காரன் வேஷம், கூத்தில் சிரிக்க வைக்கிற கோமாளி அவன்தான், தொண்டை தாங்குமா?

மே 11, வியாழன்

ஒத்திகையில் இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. கேமராக்காரர் கேமராவைப் பார்க்கிறார், மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அவர்கள் வேலை அது. மாமா சிரிப்பு வரவேண்டிய இடத்தில் நிற்கிறார், வரவில்லை என்றதும் அதையே வேறு மாதிரி சொல்கிறார், கூத்தில் சனம் சிரிக்கிற வரைக்கும் விடமாட்டார், நாலு நிமிடம் ஏழாகிவிடுகிறது. வசனத்தை வெட்டு என்கிறார்கள். எதிரே ஆள் இல்லாமல் நகைச்சுவைக்கு எப்படி நேரம் குறிப்பது? நியூயார்க்கில் 1975 முதல் நடக்கிற சாட்டர்டே நைட் லைவ் என்கிற டிவி நகைச்சுவை நிகழ்ச்சியில், ராத்திரி 11.30 நேரலைக்கு முன்னால் 8 மணிக்கு முழு ஒத்திகை, அதற்கே தனியாகப் பார்வையாளர்களை உட்கார வைக்கிறார்கள். அவர்கள் எங்கே சிரித்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் எந்தக் காட்சியை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்கிறார்கள். நமக்குப் பத்து பேர் போதும். நாளைக்குக் கேட்டே தீருவேன்.

மே 12, வெள்ளி

மாமாவுக்குக் குரல் கட்டிவிட்டது. சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார்.

பத்து பேருக்குச் சரி என்றுவிட்டார்கள்.

மே 13, சனி

லாங் பஜார் பூக்கடை அக்காக்களும் ஆட்டோ அண்ணன்களும் ஒத்திகை பார்க்க வந்தார்கள். மாமாவுக்கு முதல் வரி பாதிதான் வெளியே வந்தது, எனக்கு வயிறு கலங்கியது. அப்புறம் மெஷினில் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துவிட்டு, "ரேகையே இல்லன்னா ஜோசியக்காரன்கிட்ட இன்னாத்தைக் காட்டுவேன்?" என்றார். முன்வரிசையில் ஒரு அக்கா வாய்விட்டுச் சிரித்தார். மாமா அந்தச் சிரிப்பு அடங்குகிற வரை காத்திருந்து, தானாகவே அடுத்த வரிக்குப் போனார், திருப்பிச் சொல்லவே இல்லை. நாலு நிமிடம் இருபது விநாடி!

மணி ஆறே முக்கால். எட்டுக்கு நேரலை. எந்தெந்தக் காட்சி என்ற பட்டியலை இன்னும் ஒட்டவில்லை. நடுவில் ஒருமுறை கரண்ட் போய் வந்தது. மாமா தலைப்பாகை கட்டிவிடக் கூப்பிடுகிறார், போகிறேன்.