கோணல் சவுக்கில் ஒரு லிட்டராட்டி

டெல்டாவில் போன்சாய் வளர்க்கத் தொடங்கும் பலர் ஊட்டி, கொடைக்கானல் போய் வரும்போது ஒரு தேவதாருக் கன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். படங்களில் பார்க்கும் லிட்டராட்டி என்ற போன்சாய் பாணி மரங்கள் பெரும்பாலும் ஊசியிலை மரங்கள் என்பதால் வரும் ஆசை அது. தேவதாரு இமயமலையில் 1,500 மீட்டருக்கு மேல் குளிரில் வளர்கிற மரம். நம் ஊர்ச் சித்திரையில் ராத்திரிகூட தொட்டி மண் ஆறாது. அதை இங்கே வைத்து வாட்ட வேண்டாம். நமக்குச் சவுக்கு இருக்கிறது.

லிட்டராட்டி என்பது சீனத்து அறிஞர்கள் வரைந்த மலை ஓவியங்களில் நிற்கும் மரத்தின் சாயல். ஜப்பானில் புன்ஜின் என்பார்கள். ஒல்லியான நெடிய தண்டு, கீழே மூன்றில் இரண்டு பங்கு வெறும் மரம், மேலே கொஞ்சமாகப் பச்சை. கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் கடற்காற்றில் சாய்ந்து வளர்ந்த ஒற்றைச் சவுக்கைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த கரை அது. நுனி முறிந்த மரத்தில் ஒரு பக்கக் கிளை நிமிர்ந்து புதுத் தலையாகும். முறிந்த இடத்தில் தண்டு சட்டென்று திசை மாறும். அந்தத் திருப்பத்தைத்தான் தொட்டியில் கொண்டுவரப் பார்க்கிறோம்.

கன்று வாங்கும்போது விவசாயி ஒதுக்குகிற கன்றைக் கேளுங்கள். கழி, கம்பு என்று விற்க வளர்ப்பவர்களுக்கு நேர்த்தண்டு வேண்டும். பையிலேயே வளைந்த கன்றை நர்சரியில் ஓரமாகப் போட்டிருப்பார்கள். அடித்தண்டு கட்டைவிரல் கனம், உயரம் 4 அடி, கீழிருந்தே பக்கக் கிளைகள் இருந்தால் நல்லது. பையின் அடியைக் கிள்ளிப் பாருங்கள். வேர் கயிறு மாதிரி சுற்றிச் சுற்றி இறுகியிருந்தால் அந்தக் கன்று வேண்டாம்.

மாசியில் பையைப் பிரித்து, ஓரடி அகலத் தொட்டிக்கு மாற்றுங்கள். வயல் வண்டல் கூடவே கூடாது. தண்ணீர் பட்டதும் இறுகி வேரின் மூச்சை அடைத்துவிடும். 3 முதல் 6 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி 4 பங்கு, சலித்துக் கழுவிய ஆற்று மணல் 3 பங்கு, மக்கிய தொழுவுரம் 2 பங்கு, உமிக்கரி 1 பங்கு. இதோடு சவுக்குத் தோப்பின் வேரடி மண் ஒரு கைப்பிடி. சவுக்கு வேரில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் முடிச்சு போட்டுக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். அந்தக் கைப்பிடி மண் அதற்கான விதை. வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள், மண்ணை முழுதாக உதறாதீர்கள். மூன்று வாரம் நிழல்வலைக்குக் கீழே இருக்கட்டும். அந்த வருஷம் முழுக்க வேறு எந்த வேலையும் வேண்டாம். வேர் மாற்றிய கையோடு தண்டை வளைக்கக் கம்பியும் சுற்றுவதால்தான் நிறைய கன்றுகள் சாகின்றன.

அடுத்த தை மாதம் தண்டுக்குக் கம்பி. முதலில் நுனியை வெட்டுங்கள், நல்ல பக்கக் கிளை ஒன்றுக்குச் சற்று மேலே. அந்தக் கிளைதான் இனித் தலை. வாழைநாரை அரை மணி நேரம் ஊறவைத்து, வளைக்கப்போகும் பகுதியில் இறுக்கமாக ஒரு சுற்று சுற்றுங்கள். அதன் மேல் தண்டின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள அலுமினியக் கம்பியை 45 பாகைச் சாய்வில் ஏற்றுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் தண்டுக்கு 5 மில்லிமீட்டர் கம்பி. சவுக்கு விறைப்பான மரம். ஒரே நாளில் முழுசாக வளைக்காமல் பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவையாக வளைக்க வேண்டும். ‘நறுக்’ என்று லேசாகக் கேட்டால் அங்கேயே நிறுத்தி, விரிசலை நாரால் கட்டிவிடுங்கள். பாதித் தண்டு நன்றாக இருந்தால் தேறிவிடும்.

எல்லாரும் செய்யும் தவறு, ஒரே தளத்தில் பாம்பு மாதிரி சம அளவில் நெளிப்பது. முன்னாலிருந்து பார்த்தால் வளைவு தெரியும், பக்கத்திலிருந்து பார்த்தால் பலகை. முதல் திருப்பம் தாழ்வாக, அடுத்தது பின்பக்கமாக, அதன் பிறகு நீளமாக ஒரு நேர் ஓட்டம், உச்சிக்குக் கீழே கூர்மையாக ஒரு மடிப்பு. திருப்பங்களுக்கு நடுவிலுள்ள தூரம் ஒன்றுபோல் இருக்கவே கூடாது.

வைகாசியிலிருந்து வாரம் ஒருமுறை கம்பியைப் பாருங்கள். நம் வெக்கையில் மரம் வேகமாகப் பெருக்கும். இளம்பட்டையில் கம்பி பதிந்தால் அந்தத் தழும்பு வெறும் தண்டில் பல வருஷம் தெரியும். கழற்றும்போது சுற்றி எடுக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். வளைவு திரும்ப நிமிர்ந்தால் அடுத்த தையில் மறுபடி கட்ட வேண்டியதுதான்.

கீழ்க்கிளைகளை ஒரேயடியாகக் கழிக்காதீர்கள். அவைதான் தண்டுக்குச் சாப்பாடு போடுகின்றன. மூன்றாம் வருஷத்தில் வருஷத்துக்கு இரண்டு என்ற கணக்கில் எடுக்கத் தொடங்கலாம். அதில் ஒன்றை மட்டும் 3 சென்டிமீட்டர் குச்சியாக விட்டுப் பட்டையை உரித்தால், காய்ந்த கிளைபோல் அழகாக நிற்கும். ஐப்பசி மழைக்கு முன் அதில் சுண்ணாம்பு கந்தகக் கலவை பூசாவிட்டால் உளுத்துவிடும். மேலே நான்கைந்து கிளை போதும். அதில் ஒன்று தண்டை ஒட்டிக் கீழே விழுகிற மாதிரி இறங்கட்டும்.

சவுக்கு ஊசியை ஒருமுறை கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது இலை கிடையாது, பச்சைக் குச்சி. கணுவுக்குக் கணு ஆறிலிருந்து எட்டு வரை பொடிப் பல் மாதிரி இருப்பவைதான் இலைகள். பிள்ளைகள் கணுவில் கழற்றி, திரும்பச் செருகி, “எங்க ஒடச்சேன் சொல்லு” என்று விளையாடுவது இதை வைத்துத்தான். நுனி கிள்ளுவதும் அதே முறைதான்: கணுவில் பிடித்து இழுத்தால் சுத்தமாகக் கழலும். நடுவில் கத்தரித்தால் வெட்டுவாய் பழுத்துக் கருகும். உச்சிக்குத்தான் வேகம் அதிகம். அங்கே அடிக்கடி கிள்ளி, இறங்கும் கிளையின் நுனியைத் தொடாமல் விடுங்கள். இரண்டையும் சமமாகக் கிள்ளினால் இறங்கும் கிளை நலிந்து காய்ந்துவிடும்.

தண்ணீரில்தான் முக்கால்வாசி மரம் போகிறது. கடற்கரையில் வறட்சி தாங்குகிற மரம்தானே என்று தொட்டியில் காயவிடுவார்கள். மணலில் அதன் வேர் ஆழம் போகும், தொட்டியில் எங்கே போகும்? வாடினால் இலை தொங்கிக் காட்டுகிற மரமும் இல்லை. பச்சை மங்கிச் சாம்பல் பூத்தால் அதுதான் எச்சரிக்கை. பழுத்து உதிரும்போது காலம் கடந்திருக்கும். கோடையில் காலை, மாலை இரு வேளையும் தண்ணீர் கட்டாயம். கடலோர போர் தண்ணீரின் உப்பைச் சவுக்கு தாங்கும் என்றாலும், சின்னத் தொட்டியில் அது வெள்ளையாகப் படியும். அடைமழையில் நன்றாக நனையவிட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். உரம் மாதம் ஒரு தேக்கரண்டி கடலைப் புண்ணாக்கு. அதற்கு மேல் போட்டால் ஊசி நீண்டு, லிட்டராட்டியின் ஒடிசல் கெட்டுவிடும்.

பட்டையில் கொப்புளம் எழும்பி, உடைத்தால் கரித்தூள் கொட்டினால் அது கொப்புள நோய். அந்த மரத்தை அப்புறப்படுத்துங்கள், மற்றவற்றுக்குப் பரவும்.

நான்காம் வருஷ மாசியில் கடைசித் தொட்டி. பூச்சில்லாத வட்டச் சட்டி, 20 சென்டிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் ஆழம்; குயவரிடம் சொன்னால் அடியில் மூன்று துளை போட்டுத் தருவார். வெட்டி வளைத்த மரம் இரண்டடி, சட்டியோ கையகலம். துளைகள் வழியே கம்பி விட்டு வேர்க்கட்டைச் சட்டியோடு கட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஆடிக்காற்றில் முதல் நாளே கவிழும்.