வடிகட்டும்போது காணாமல் போகும் செல்

இரைப்பைப் புற்றுநோய்த் திசுவில் ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று கணினியில் அலசுவது என் வேலை. திசுவை எடுத்த சில மணி நேரத்துக்குள், செல்கள் உயிரோடு இருக்கும்போதே நொதியில் ஊறவைத்துப் பிரிக்க வேண்டும். சேலத்தில் எங்களுக்கு அந்த வசதி இல்லை. சீனா, கொரியா, சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பொதுவில் வைத்திருக்கும் தரவுகள்தான் கைகொடுக்கின்றன.

நான் தேடுவது வளர்சிதை மாற்றத்தை, அதாவது செல் சர்க்கரை போன்றவற்றை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதை. ஆக்சிஜன் இருக்கும்போதும் புற்றுத்திசு சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகிறது என்று 1920-களிலேயே ஓட்டோ வார்பர்க் கண்டுவிட்டார். ஆனால் அவர் அளந்தது திசுத் துண்டு மொத்தத்தையும். அதில் புற்றுசெல்லின் பங்கு எவ்வளவு, நோயெதிர்ப்புச் செல்லின் பங்கு எவ்வளவு என்று கேட்க இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது.

சிக்கல் முதல் படியிலேயே இருக்கிறது. மரபணு இயங்கும்போது உருவாகும் நகலான ஆர்என்ஏவைத்தான் நாங்கள் எண்ணுகிறோம். செல் சாகும்போது மற்ற ஆர்என்ஏ கசிந்துவிடும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருப்பது தங்கிவிடும். அதனால் மைட்டோகாண்ட்ரியா ஆர்என்ஏ 5 அல்லது 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் செல்லைச் செத்ததாகக் கருதி வடிகட்டித் தூக்கிவிடுவது வழக்கம். ரத்தச் செல்லுக்குச் சரி. இரைப்பையில் அமிலம் சுரக்கும் பரைட்டல் செல்லுக்கு? அதன் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான்!

செல் வகைகளைக் காட்டும் இரண்டு கணினிப் படங்களை, வடிகட்டியதையும் வடிகட்டாததையும், எங்கள் பேத்தாலஜி மேடத்திடம் காட்டினேன். முதல் படத்தைப் பார்த்ததுமே, "பிங்க் செல்லையே காணோமே தம்பி? ஸ்லைடுல அதுதானே பளிச்சுன்னு தெரியும்" என்றார். சாயமேற்றினால் பிங்க் நிறத்தில் தெரியும் பரைட்டல் செல்லைத்தான் சொன்னார். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. இரைப்பையில் தங்கும் ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவின் நாள்பட்ட தொற்றில், புற்று வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பரைட்டல் செல்கள் அழியத் தொடங்கும். படத்தில் அவை இல்லையென்றால் அழித்தது நோயா, நம் கணக்கா?

இப்போது மைட்டோகாண்ட்ரியா அதிகமுள்ள செல்லில் ஏடிபி4ஏ மரபணுவும் நன்றாக இயங்குகிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுக்கிறோம். அமிலப் பம்பைச் செய்யும் மரபணு அது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி எண்டோஸ்கோபிக்கு வருபவர்களின் பையிலும் இருக்கிற பான்டாப்ரசோல் மாத்திரை அடைப்பது இந்தப் பம்பைத்தான். வெறும் வயிற்றெரிச்சல் என்று மாதக்கணக்கில் அதை விழுங்கிவிட்டுத் தாமதமாக வருகிறவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

அப்புறம் இன்னொன்று. சர்க்கரையைச் சிதைக்கும் மரபணுக்கள் கூடுதலாக இயங்குவதை வைத்தே, செல் சர்க்கரையை அதிகம் எரிக்கிறது என்று எழுத எனக்குச் சம்மதமில்லை. ஆர்என்ஏ இருந்தும் நொதி உருவாகாமல் போகலாம். நொதி இருக்கிறதா என்பதையாவது இங்கேயே பார்க்கலாம்: ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்து வைத்த பழைய திசுக் கட்டிகளான பாரஃபின் பிளாக்குகளே போதும். லாக்டிக் அமிலம் உருவாகும் படியைச் செய்யும் எல்டிஹெச்ஏ நொதிக்குச் சாயமேற்றிப் பார்க்க, எந்த பிளாக்குகளை வெட்டுவது என்று மேடமும் நானும் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம்.