மூடிய கார் டிரெய்லருக்கு ஹிட்ச்: எடைமேடை சொன்ன கணக்கு

பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கும் 1990 மாடல் மாஸ்டா மியாட்டாவை இதுவரை திறந்த டிரெய்லரில்தான் கொண்டுபோய் வந்தேன். மிச்சிகனில் ஏப்ரலிலும் பனி கலந்த மழை பெய்யும். குளிர்காலத்தில் சாலையில் கொட்டிய உப்பு, சக்கரத் தெறிப்பில் காரின் அடிப்பாகம் முழுக்க அப்பிக்கொள்ளும். முப்பது வயது தாண்டிய தகட்டுக்கு அது நஞ்சு. ஆகவே 20 அடி நீளம், 8.5 அடி அகலம் கொண்ட, முன்பக்கம் வி வடிவில் கூம்பிய மூடிய டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். காரும் அதேதான், இழுக்கும் ஃபோர்டு எப்-150 டிரக்கும் அதேதான். டிரெய்லரை டிரக்கோடு இணைக்கும் ஹிட்ச் மட்டும் மாறியே தீரவேண்டும்.

காரணம் டிரக்கின் பின்புறம் ஹிட்சைச் செருகும் குழாயான ரிசீவர்மீது ஒட்டியிருக்கும் சிறிய ஸ்டிக்கரில் இருக்கிறது. ஹிட்சின் நுனியில் டிரெய்லர் வந்து உட்காரும் இரும்புக் குண்டைப் பந்து என்பார்கள். வெறும் பந்தில் மாட்டி இழுத்தால் டிரெய்லர் 5,000 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது, பந்தின்மேல் இறங்கும் பாரம் 500 பவுண்டைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் என்றால் எடை பகிரும் ஹிட்ச் கட்டாயம். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் இழுவைத் திறன் எல்லாம் அந்த இரண்டாவது வகைக்குத்தான் பொருந்தும். டிரக் வாங்கும்போது இதை எடுத்துச் சொல்பவர்கள் மிகக் குறைவு. திறந்த டிரெய்லரும் மியாட்டாவும் சேர்ந்து முதல் வரம்புக்குள் அடங்கியிருந்தன. மூடிய டிரெய்லர் காலியாகவே 3,400 பவுண்டு. கார் 2,350. உபரிச் சக்கரங்கள், ஜாக், கருவிப்பெட்டி எல்லாம் சேர்ந்து 650. மொத்தம் 6,400 பவுண்டு, அதாவது 2,900 கிலோ.

இந்த மொத்த எடையைவிட நான் முக்கியமாகக் கருதுவது முன்பாரத்தை. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை பந்தின்மேல் இறங்கவேண்டும். மாட்டுவண்டியில் மூட்டை அடுக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைத் தூக்கும், முன்பாரம் மிஞ்சினால் கழுத்தை அழுத்தும். டிரெய்லரில் முன்பாரம் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் பின்பக்கம் இடமும் வலமும் ஆடத் தொடங்கும், அந்த ஆட்டம் தானாகவே வளரும். பாரத்தைத் தவறாக ஏற்றிவிட்டு விலையுயர்ந்த ஹிட்ச் மாட்டி அதைச் சரிசெய்ய நினைப்பது ஆபத்து. ஹிட்ச் ஆட்டத்தை அடக்கும், காரணத்தை நீக்காது.

ஆகவே கடைக்குப் போகும் முன் எடைமேடைக்குப் போனேன். நெடுஞ்சாலை ஓரத்து டிரக் நிறுத்தங்களில் இருக்கும் கேட் (CAT) நிறுவன எடைமேடை இதற்கு மிகவும் வசதி. மூன்று தனித்தனித் தட்டுகள்: டிரக்கின் முன் அச்சு ஒன்றில், பின் அச்சு அடுத்ததில், டிரெய்லர் அச்சுகள் மூன்றாவதில் நிற்கும். மூன்று எடையும் ஒரே சீட்டில் அச்சாகி வரும். முதலில் டிரக்கை மட்டும் நிறுத்தினேன்: முன் அச்சில் 3,240 பவுண்டு, பின் அச்சில் 2,380. பிறகு ஊர்வேகத்தில் ஊர்ந்தே கொண்டுவந்து, டிரெய்லரை வெறும் பந்தில் மாட்டியபடி நிறுத்தினேன்: முன் 2,920, பின் 3,500, டிரெய்லர் அச்சுகளில் 5,600.

இந்த எண்களை நிதானமாகப் படித்துப் பாருங்கள். டிரெய்லர் 6,400 பவுண்டு, அதன் அச்சுகள் சுமப்பது 5,600. மீதி 800 பவுண்டு பந்தின்மேல் இருக்கிறது, பன்னிரண்டரை சதவீதம். டிரெய்லருக்கு நல்ல பங்கு, ஆனால் வெறும் பந்துக்குரிய 500 பவுண்டு வரம்பை அது எங்கோ தாண்டிவிட்டது. அதைவிட என்னை உறுத்தியது முன் அச்சு. பந்தின்மேல் 800 பவுண்டு ஏற, முன்னால் 320 பவுண்டு காணாமல் போயிருக்கிறது. பந்து பின் அச்சுக்கும் பின்னால் நீண்டிருப்பதால் டிரக் முழுவதும் ஒரு நெம்புகோலாகி, முன்பக்கத்தைத் தூக்குகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சாலையைப் பிடிக்கவேண்டிய சக்கரங்கள் அவை. பிரேக் போடும்போது பெரும் வேலை செய்பவையும் அவையே.

என்னுடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டு, “பின்பக்கம் தாழ்வதுதானே பிரச்சினை, அண்ணா? ஏர் பேக் போட்டு நிமிர்த்திவிட்டால் போதாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி, பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பின் ஸ்பிரிங்கோடு பொருத்தும் காற்றுப்பையான ஏர் பேக் டிரக்கின் பின்பக்கத்தை உயர்த்தும், பார்வைக்கு வண்டி மட்டமாக நிற்கும். ஆனால் முன் அச்சு இழந்த பாரம் திரும்பி வராது. எடை பகிரும் ஹிட்சில் ஸ்பிரிங் பார்கள் எனும் இரண்டு எஃகுத் தண்டுகள், பந்தைத் தாங்கும் தலையிலிருந்து டிரெய்லரின் ஏ வடிவச் சட்டம்வரை நீண்டு, இணைப்பையே வளையவிடாமல் நெம்புகின்றன. பின் அச்சில் குவிந்த பாரத்தின் ஒரு பகுதி முன் அச்சுக்கும், இன்னொரு பகுதி டிரெய்லர் அச்சுகளுக்கும் போவது அதனால்தான்.

எந்த வகை என்பதில்தான் அதிக நேரம் செலவானது. மிக மலிவானது உருளைப் பார்களும் சங்கிலியும் உள்ள வகை. அதில் பக்கவாட்டு ஆட்டத்தை அடக்க உராய்வுத் தண்டு ஒன்றைத் தனியாகப் பொருத்தவேண்டும், ரிவர்ஸ் எடுக்கும் முன் அதைக் கழற்றவேண்டும், ஈரச் சாலையிலும் பனியிலும் தளர்த்தச் சொல்கிறார்கள். மிச்சிகன்வாசிக்கு இது ஒத்துவராது. மறுகோடியில் ஹென்ஸ்லி, ப்ரோப்ரைடு போன்றவை இருக்கின்றன. இணைப்புத் தண்டுகளின் அமைப்பால் டிரெய்லர் திரும்பும் புள்ளியைப் பந்திலிருந்து பின் அச்சை நோக்கித் தள்ளி, ஆட்டம் பிறக்கவே இடம் கொடுக்காத வடிவமைப்பு. பொறியியலாக எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் விலை பல மடங்கு, எடையும் அதிகம். 30 அடி டிரெய்லராக இருந்திருந்தால் தயங்காமல் அதையே வாங்கியிருப்பேன்.

நடுவில் இருப்பது நான்கு முனை உராய்வு வகை. பார்கள் சங்கிலியில் தொங்காமல், சட்டத்தில் பொருத்திய எல் வடிவத் தாங்கிகளின்மேல் நேரடியாக உட்காரும். எடையையும் பகிரும், தாங்கியில் உரசி ஆட்டத்தையும் அடக்கும். ரிவர்ஸ் எடுக்க எதையும் கழற்றவேண்டாம். இதை எனக்கு முடிவுசெய்து கொடுத்தது டிரெய்லரின் மூக்குத்தான். வி வடிவ முகப்பு காற்றைக் கிழிக்க நல்லது, ஆனால் அது சட்டத்தின்மேல் வெகுதூரம் முன்னால் வந்துவிடுகிறது. சங்கிலி வகையின் தாங்கி சட்டத்துக்கு மேலே எழும்பி நிற்கும், அதை நெம்பி மடக்கக் கைப்பிடி சுழலும் இடமும் வேண்டும். அளந்து பார்த்தேன், என் டிரெய்லரில் அந்த இடத்தில் அலுமினியத் தகடு மறிக்கிறது. எல் தாங்கி சட்டத்தின் பக்கவாட்டில் ஒட்டி நிற்பதால் தப்பியது. மூடிய டிரெய்லர் வைத்திருப்பவர்கள் பணம் கட்டும் முன் பந்துக் குழியிலிருந்து மூக்குவரை டேப்பைப் பிடித்து அளந்துவிடுங்கள். இந்த அளவை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது.

திறன் அளவில் 600/6,000 வகைக்கு அடுத்தது 1,000/10,000. முதல் எண் முன்பாரம், இரண்டாவது டிரெய்லர் எடை. 800 பவுண்டுடன் டிரக்கின் பின்தொட்டியில் வைக்கும் சாமான்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டாவதுதான் சரி. தேவைக்கு மேல் தடித்த பார் வாங்கினால் மேடுபள்ளமெல்லாம் சட்டத்தில் இடியாக இறங்கும், அதனால் 1,200க்குப் போகவில்லை. பந்து 2 5/16 அங்குலம். அதன் நட்டை முறுக்க ஏறத்தாழ 450 அடி-பவுண்டு விசை வேண்டும், வீட்டுக் கருவியால் ஆகாது. கனரக வண்டிப் பட்டறையில் முறுக்கி வாங்கினேன்.

பொருத்துவது பொறுமையான வேலை. டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, பந்தைக் கவ்வும் டிரெய்லர் முனையான கப்ளரின் உயரத்துக்கு ஏற்ப, ரிசீவரில் செருகும் தண்டான ஷாங்கின் துளைகளைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அடுத்தது பந்துத் தலையின் சாய்வு. உள்ளே ஒரு சிறு தண்டில் வாஷர்கள் கோத்திருக்கும். ஒரு வாஷர் கூட்டினால் தலை இன்னும் கொஞ்சம் பின்சாயும், பார்களின் நுனி தாழும், தாங்கியில் ஏற்றும்போது நெம்புவிசை கூடும். கப்ளரைப் பூட்டியபின் டிரெய்லரின் முன்ஜாக்கைச் சுழற்றினால் டிரக்கின் பின்பக்கமும் சேர்ந்து எழும். ஒரு கட்டத்தில் பார் கையால் தள்ளினாலே தாங்கியின்மேல் வழுக்கி ஏறும். ஊசியைச் செருகி ஜாக்கை இறக்கும்போது பார் மெல்ல வில்லாக வளைவதைக் கண்ணால் பார்க்கலாம். முன்சக்கர வளைவின் உயரம் டிரக் தனியாக நின்றபோது 37 அங்குலம், வெறும் பந்தில் 37 3/4, பார்கள் ஏறியபின் 37 3/8. தூக்கிய உயரத்தில் பாதி இறங்கினால் போதும் என்கிறது என் டிரக்கின் கையேடு. முழுவதையும் மீட்க முயன்றால் பின்சக்கரங்களின் பிடி குறையும்.

மறுபடி எடைமேடை: முன் 3,080, பின் 3,240, டிரெய்லர் 5,700. மொத்தம் மாறவில்லை, பங்கீடு மாறிவிட்டது. பின் அச்சின் வரம்பான 3,800க்குக் கீழே இப்போது நல்ல இடைவெளி இருக்கிறது.

பாரத்தைச் சரிசெய்ய காரை நகர்த்துவதுதான் எளிய வழி. பந்திலிருந்து அச்சு 16 அடி தள்ளி இருப்பதால், காரை ஓரடி முன்னே தள்ளினால் முன்பாரம் ஏறத்தாழ 145 பவுண்டு கூடும். ஆனால் என் டிரெய்லரின் இடது சுவரில் உள்ள சிறு கதவுக்கு நேராக நிறுத்தினால்தான் கார்க்கதவைத் திறந்து வெளியே வரமுடியும். ஆகவே கார் நிற்கும் இடம் நிலையானது. கருவிப்பெட்டியையும் சக்கரங்களையும்தான் முன்னும் பின்னும் மாற்றுகிறேன். 200 பவுண்டுப் பெட்டியை எட்டு அடி நகர்த்தினால் 100 பவுண்டு வித்தியாசம் கிடைக்கிறது.

முதல் நீண்ட பயணம் சவுத் ஹேவனில் இருக்கும் ஜிஞ்சர்மேன் பந்தயத் தடத்துக்கு. ஐ-94 நெடுஞ்சாலையில் கலமசூ நகரைத் தாண்டும்வரை பெரிய டிரக்குகள் முந்தும்போதெல்லாம் கவனித்துக்கொண்டே வந்தேன். அவற்றின் முன்காற்று முதலில் டிரெய்லரின் பின்புறத்தைத் தள்ளும், கடந்துபோகும்போது உள்ளே இழுக்கும். தள்ளல் இப்போதும் உணரத்தக்கது, ஆனால் ஒரே அசைவோடு நின்றுவிடுகிறது. ஐ-196இல் வடக்கே திரும்பியபின் மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் மேற்குக் காற்று 140 சதுர அடிச் சுவரில் நேராக மோதியது. மணிக்கு 60 மைலில் ஒரு பக்கமாகச் சற்றே பிடித்து ஓட்டவேண்டியிருந்தது, ஆட்டம் தொடங்கவில்லை. தொடங்கினால் டிரக்கின் பிரேக்கை மிதிக்காமல், டிரெய்லர் பிரேக்கை டிரக்கிலிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைநெம்பியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கவேண்டும். அதன் இடம் கைக்குப் பழகும்வரை காலி மைதானத்தில் பயிற்சி செய்தேன்.

மெதுவாகத் திரும்பும்போது பார்கள் தாங்கியில் கிறீச்சிடுகின்றன. பார்கள் பொருந்தும் தலைக் குழிகளில் கிரீஸ் வைக்கிறேன். தாங்கியில் வைப்பதில்லை, உராய்வுக்காகத்தானே அது இருக்கிறது. அடுத்து, டிரெய்லர் சுமைக்கு ஏற்றபடி பிரேக் கன்ட்ரோலரின் விசையை ஈரச் சாலையில் மறுபடி அளந்து வைக்கவேண்டும். மூக்குக்குள் அலமாரி பொருத்தும் எண்ணமும் இருக்கிறது. அது முடிந்ததும் இன்னொரு எடைச்சீட்டு எடுத்து, வாஷர் எண்ணிக்கையை மறுபடி பார்ப்பேன்.